சயரோகியும் வீடும்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

எங்கள் வீட்டுக் குசினியில், இறாக்கையின் மேற்றட்டிலே, ஏனைய பாத்திரங்களோடு சேராமல் ஒரு மூக்குப்பேணி தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சிறுவயதில் நான் அதை எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போய் ஏச்சு வாங்கியதுண்டு. அது அம்மம்மாவின் தமக்கையாருடைய பேணி. 1963ஆம் ஆண்டில் அவருக்குச் சயரோகம் கண்டது. வைத்தியசாலையிற் பல மாதம் இருந்து, ஊசியும் குளிசையும் முடித்து, சளியிற் கிருமி இல்லை என்ற சொல்லோடு வீடு திரும்பினார். திரும்பியவருக்கு வளவின் பின்மூலையில் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் இரண்டு வருடம் இருந்தார். பின்னர் வீட்டுக்குள் அழைக்கப்பட்ட போதிலும் பேணி மட்டும் வேறாகவே இருந்தது. பேசிவந்த கலியாணமும் நின்று போயிற்று. முதிர்ந்த வயதில் வேறொரு வருத்தத்தினால் அவர் காலமானார். பேணியை மற்றப் பாத்திரங்களோடு சேர்க்க அதன் பின்னரும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இதனை யாரையும் குறைகூற எழுதவில்லை. அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் நடந்தது அதுவே. ஆயினும் சர்வகலாசாலையிற் பாடத்துக்காக வேறொன்றைத் தேடும்போது, 1956ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னையிலே நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. வாசித்து முடித்ததும் அந்தப் பேணிதான் என் கண்முன் நின்றது. நான் வைத்திய மாணவன் அல்லன், வரலாறு பயில்பவன். ஆகையால், நண்பர்களே, மருந்தின் நுட்பங்களை விடுத்து, ஒரு கேள்வி எவ்வாறு கேட்கப்பட்டது, எவ்வாறு விடை பெற்றது என்ற கதையை மட்டும் சொல்லத் துணிகின்றேன்.

சயரோகம் பழைய நோய். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் கீற்ஸ் என்னும் கவிஞரை மறக்கமாட்டார்கள். வைத்தியம் கற்ற அவர், தாம் இருமித் துப்பிய இரத்தத்தின் நிறத்தைக் கண்டே தமது முடிவை அறிந்துகொண்டார்; 1821இல் உரோமாபுரியில் 25 வயதிலே மடிந்தார். அதற்குச் சற்றுமுன் அவருடைய தம்பியும் இதே நோயால் இறந்திருந்தார். ஒரு வீட்டில் ஒருவர் பின் ஒருவராக இறப்பதைக் கண்ட மக்கள் சிலர் இதனைப் பரம்பரை நோய் என்றனர். சிலர் சாபம் என்றனர்.

1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் திகதி பேர்லின் நகரிலே றொபேட் கொக் என்னும் ஜேர்மன் வைத்தியர், இந்நோய் ஒரு கிருமியினால் உண்டாவது என்று அறிஞர் சபையொன்றின் முன் எடுத்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத கிருமியைச் சாயமூட்டித் தெரியச் செய்தார். அதனைத் தனியே வளர்த்தார். வளர்த்ததை மிருகங்களுக்குச் செலுத்தி அதே நோயை உண்டாக்கினார். சாபம் என்ற பேச்சுக்கு அன்றோடு இடமில்லாமற் போயிற்று. ஆனால் வேறொரு பேச்சு பிறந்தது. கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவுமாயின், நோயாளியைப் பிரித்து வைக்கத்தானே வேண்டும்? ஆய்வுகூடத்திற் பிறந்த உண்மை, வீட்டிலே கொட்டிலாக முடிந்தது.

அதே கொக் 1890இல் பெரியதொரு பிழை விட்டார். ரியூபர்க்குலின் என்ற ஒரு திரவத்தைத் தயாரித்து, அது சயரோகத்தை மாற்ற வல்லது என்ற நம்பிக்கையை உலகுக்கு ஊட்டினார். நோயாளர் ஆயிரக்கணக்கிற் பேர்லினுக்கு விரைந்தனர். ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கொனன் டொயிலும் அங்கு போனார். அவரும் ஒரு வைத்தியர் அல்லவா! அவர் பார்த்துவிட்டு, இம்மருந்தை அவசரப்பட்டு நம்பவேண்டாம் என்று எழுதினார். துப்பறியும் கதை எழுதியவரின் ஐயமே சரியாயிற்று. மருந்து குணப்படுத்தவில்லை, சிலர் அதனால் இறக்கவும் செய்தனர். கொக் பொய்யர் அல்லர். ஊசி போட்டபின் நோயாளியின் உடலில் ஏற்பட்ட மாற்றங்களைத் தம் கண்ணாலேயே கண்டார். ஆனால் ஊசி போடாத நோயாளரோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எத்துணைப் பெரிய அறிஞரின் கண்ணும் தான் விரும்பியதைக் காணும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் அதே திரவம் நோய்த்தொற்றைக் கண்டறியும் தோற் பரிசோதனைக்கு உதவிற்று என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

மருந்து இல்லாத காலத்திற் சனற்றோரியம் ஒன்றே புகலிடமாயிருந்தது. நல்ல காற்று, நல்ல உணவு, பூரண ஓய்வு என்பன அங்கு சிகிச்சை. ஜேர்மனியிற் பிறந்த இம்முறை எங்கும் பரவியது. தமிழரான டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் இங்கிலாந்தில் மென்டிப் மலைச்சாரலில் ஒரு சனற்றோரியத்தை நடத்தினார். கணித மேதை இராமாநுஜன் அங்கு நோயில் விழுந்தபோது சிறிது காலம் இவரிடமே சிகிச்சை பெற்றார். இராமாநுஜனுக்கு இருந்தது சயரோகமே அன்று, ஈரலைப் பற்றிய வேறொரு நோய் என்று 1994இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டிருக்கின்றார். அது வேறு கதை. சௌரி முத்து 1928இல் சென்னைக்கு அருகே தாம்பரத்திலும் ஒரு சனற்றோரியம் நிறுவினார். தாம்பரம் சானடோரியம் என்ற பெயரில் இன்றும் அங்கே ஒரு புகையிரத நிலையம் உண்டு. ஆந்திர நாட்டின் மதனப்பள்ளிக்கு அருகே மிஷனரிமார் நிறுவிய ஆரோக்கியவரம் இன்னும் முந்தியது. இவையெல்லாம் நல்ல நோக்கத்தோடு எழுந்த நிலையங்கள். ஆனால் நோயாளரோ இலட்சக்கணக்கில், கட்டில்களோ ஆயிரக்கணக்கில். வசதியுள்ளவர் இடம் பிடித்தனர். ஏழைகள் வரிசையில் நின்றே இறந்தனர்.

இனி மருந்து பிறந்த கதை. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தில், றட்கேர்ஸ் சர்வகலாசாலையின் நிலக்கீழ் அறையொன்றில், அல்பேட் ஷற்ஸ் என்ற 23 வயது மாணவர் வேலை செய்துகொண்டிருந்தார். எம் வயதினர்! சயரோகக் கிருமியோடு வேலை செய்வதற்குப் பலரும் அஞ்சிய காலம் அது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து, 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஸ்ரெப்ரோமைசின் என்ற பொருளை அவர் கண்டார். எருவிட்ட மண்ணிலிருந்து ஒரு வகையும், கோழியொன்றின் தொண்டையிலிருந்து இன்னொரு வகையும் கிடைத்தன. மேயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த பெல்ட்மன், ஹின்ஷோ என்னும் இருவர் அதனைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நோயுற்ற மிருகங்கள் பிழைத்தன. 1952இல் இதற்கான நோபெல் பரிசு ஷற்ஸின் ஆசிரியர் வக்ஸ்மனுக்கு மாத்திரம் போயிற்று. அதற்கு முன்பே மாணவர் நீதிமன்றம் சென்று, கண்டுபிடிப்பிற் பங்காளர் என்ற உரிமையைப் பெற்றிருந்தார். ஆசிரியரும் மாணவரும் வழக்காடியது எமக்குச் சிறிது மனக்கசப்பாகத் தோன்றினும், வேலை செய்த கைக்குப் பெயர் மறுக்கப்படுவது அதனினும் கசப்பானது.

கினிப்பன்றி பிழைத்தால் மனிதனும் பிழைப்பானா? கொக்கின் பிழையை மறவாதவர்கள் இக்கேள்வியை இலேசாக விடவில்லை. யுத்தம் முடிந்த பிரித்தானியாவில் டொலர் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து வாங்கக் கிடைத்த மருந்தோ சொற்பம். எல்லா நோயாளருக்கும் அது போதாது. இந்த நெருக்கடியையே ஒரு வாய்ப்பாக்கினார் ஒஸ்ரின் பிரட்போட் ஹில். இவர் வைத்தியர் அல்லர், புள்ளிவிபர அறிஞர். முதலாம் உலக யுத்தத்தில் விமானியாக இருந்தபோது சயரோகம் பற்றியதால் வைத்தியம் படிக்கும் எண்ணத்தைக் கைவிட்டுப் பொருளியல் படித்தவர். நோயே அவரை வேறு வழியிற் செலுத்திற்று. அவ்வழியே சுற்றி வந்து அவர் நோயின் முன்னே நின்றார்.

அவர் செய்தது நமது திருவுளச்சீட்டை ஒத்தது. எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை வைத்தியர் தீர்மானிக்கக் கூடாது. தீர்மானித்தால், பிழைக்கக்கூடியவர் என்று தோன்றுபவருக்கே கை போகும். அல்லது இரக்கத்தினால், மிக மோசமானவருக்குப் போகும். ஆகவே எழுந்தமானமாக எடுத்த எண்களின்படி, முடிவைக் கடிதவுறைகளில் வைத்து மூடிவிட்டார்கள். நோயாளி சேர்ந்த பின்னரே உறை திறக்கப்பட்டது. எக்ஸ்-கதிர்ப் படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு, அது எந்தப் பக்கத்து நோயாளியின் படம் என்பது மறைக்கப்பட்டது. 1947இல் நோயாளர் சேர்க்கப்பட்டு, 1948இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்துள், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். ஐயத்துக்கு இடமில்லை.

மருந்து பெறாதவர்களுக்குத் தாம் ஓர் ஆராய்ச்சியில் இருப்பதே சொல்லப்படவில்லை என்று வாசித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. மருந்து எப்படியும் எல்லாருக்கும் கிடைத்திராது என்பது உண்மையே. எனினும் இன்று அவ்வாறு செய்ய எவரும் அனுமதிக்கமாட்டார்கள்; அனுமதிக்கவும் கூடாது.

அந்த ஆராய்ச்சி நற்செய்தியோடு துர்ச்செய்தியையும் கொண்டு வந்தது. மருந்து பெற்றவர்கள் பலரின் கிருமிகள் சில வாரங்களில் அம்மருந்துக்கு அடங்காதனவாயின. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்து போயிருந்தனர். ஆறு மாதத்திற் கணக்கை மூடியிருந்தால் இது தெரிந்திராது. சுவீடன் தேசத்தில் லேமன் என்பவர் கண்ட பாஸ் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், கிருமி எதிர்ப்பது பெரிதும் குறையும் என்று அடுத்த ஆராய்ச்சி 1950இற் காட்டியது. 1952இல் ஐசோனயசிட் வந்தது. மலிவானது, வாயால் உண்ணத்தக்கது, வலிமையுமுள்ளது. நமது சிறுகதை மேதை புதுமைப்பித்தன் சயரோகத்தால் மாண்ட ஆண்டு 1948. அப்போது அவருக்கு வயது 42. நான்கே ஆண்டுகள்!

இனிச் சென்னைக்கு வருவோம். மருந்து உண்டு, ஆனால் அதனை எங்கே வைத்துக் கொடுப்பது? சனற்றோரியத்தில் வைத்தே கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான வைத்தியரின் எண்ணம். இருமும் நோயாளியை நெருக்கமான குடிசையில், குழந்தைகளின் நடுவே விடலாமா? போதிய உணவில்லாதவன், வேலைக்குப் போகிறவன், குளிசையால் மட்டும் தேறுவானா? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் வீட்டிற் கொடுக்க முடியாதென்றால், இந்தியாவின் நோயாளரிற் பெரும்பாலோருக்கு மருந்தே இல்லை என்பது பொருள்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார தாபனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை ஏற்படுத்தின. வொலஸ் பொக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் அதன் தலைவர். இராமாநுஜன் 1920இல் உயிர்நீத்ததும் இதே சேத்துப்பட்டிலேதான். நகரின் ஏழை மக்களிலிருந்து ஏறக்குறைய 190 நோயாளரைச் சேர்த்து, மீண்டும் அந்தத் திருவுளச்சீட்டின்படியே ஒரு சாராரைச் சனற்றோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுசாராரை அவரவர் வீட்டிலேயே இருக்க விட்டார்கள். இருசாராருக்கும் ஒரே மருந்து: பாசும் ஐசோனயசிட்டும், ஒரு வருடம். சனற்றோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் தாதிமாரின் பராமரிப்பும் நல்ல உணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கோ பழைய நெருக்கமும் பழைய சோறும்தான். அவர்கள் வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றனர்.

வாங்கிய மருந்தை உண்டார்களா என்று எப்படி அறிவது? பாஸ் அளவிற் பெரியது, வயிற்றைக் குமட்டுவது; எறிந்துவிட மனம் தூண்டும். ஆகையால் நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மிஞ்சிய மருந்தை எண்ணினார்கள். சிறுநீரிலே மருந்தின் அடையாளம் உண்டா என்று சோதித்தார்கள். வைத்திய ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாயும் பூதக்கண்ணாடியும் நமக்கு ஞாபகம் வரும். சென்னை வெயிலிற் சந்து சந்தாக நடந்து குளிசை எண்ணியவர்களின் கால்களும் அதில் அடங்கும் என்பதை நாம் நினைப்பதில்லை.

1959இல் முடிவு அச்சேறிற்று. ஒரு வருட முடிவில் நோய் தணிந்து சளியிற் கிருமி அற்றவர்கள், சனற்றோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. சனற்றோரியத்தார் கூடுதலாக உடல் பெருத்தார்கள். நல்ல உணவு உண்டவர்கள் அல்லவா. ஆனால் நோய் தீர்வதில் அவ்வுணவும் ஓய்வும் காற்றும் பெரிய வேறுபாட்டைச் செய்யவில்லை. செய்தது மருந்து. பின்னர் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததிலும், நோய் மீண்டும் திரும்பியவர்கள் இருபக்கத்திலும் சிலரே.

என்னைப் பெரிதும் நிறுத்தி வைத்தது மற்றொரு கணக்கு. நோயாளரின் கணக்கோடு, அவர்களின் வீட்டாரையும் அவர்கள் எடுத்தார்கள். மனைவி, கணவன், பிள்ளைகள், உடன்வாழ்ந்த உறவினர். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களிற் புதிதாக நோய் கண்டவர்கள், நோயாளியைச் சனற்றோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகமாக இருந்தார்களா? இல்லை. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தும் இல்லை. காரணம் எளிது. வீட்டாருக்குக் கிருமி தொற்றுவதாயின் அது பெரும்பாலும் நோய் இன்னதென்று அறியப்படுமுன், யாதொரு மருந்துமின்றி நோயாளி இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் தொற்றும் வலிமை விரைந்து குறைகிறது. அதாவது, எல்லாரும் அவரோடு கூடியிருந்த காலமே ஆபத்தான காலம். எல்லாரும் அவரை விட்டு விலகிய காலத்தில் ஆபத்து நீங்கிக் கொண்டிருந்தது.

இவ்வாராய்ச்சிக்குப் பின் உலகின் பல நாடுகளிற் சனற்றோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது பொது வைத்தியசாலைகளாக மாறின. சென்னை நிலையம் அத்தோடு ஓயவில்லை. வாரத்துக்கு இருமுறை, தாதியின் கண்முன்னே மருந்து கொடுத்தாலும் போதும் என்று 1960களிற் காட்டியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இலட்சக்கணக்கானோருக்கு நடத்திய பீசீஜீ தடுப்பூசி ஆராய்ச்சியிலும் அதன் பங்குண்டு. வளர்ந்தோருக்கு வரும் சுவாசப்பைச் சயரோகத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. பலருக்கு அது ஏமாற்றம். ஆயினும் மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதற்காக அவ்வூசி இன்றும் போடப்படுகிறது. றிபாம்பிசின் என்ற மருந்து வந்தபின் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியது. இலங்கையில் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இம்மருந்துகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சென்னை முடிவு வெளியான ஆண்டு 1959. எங்கள் வளவிற் கொட்டில் எழுந்தது அதற்கு நாலைந்து ஆண்டுகளின் பின். இடையில் இருந்தது சிறியதொரு கடல். சென்னையிலிருந்து வார இதழ்களும் சினிமாப் பாட்டுக்களும் நமக்கு உடனுக்குடன் வந்து சேர்ந்த காலம் அது.

சென்ற விடுமுறையில் இக்கட்டுரைக்காக எடுத்த குறிப்புக்களை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் பார்வை மங்கிவிட்டது. காது நன்றாகக் கேட்கும். வீட்டாரின் கணக்கு வந்த இடத்தில் என்னை நிறுத்தினார்.

“அந்த வீடுகளிலை சின்னப் பிள்ளையளும் இருந்தவையோ?”

“ஓம் அம்மம்மா. பிள்ளைகளையும் சோதிச்சுப் பாத்திருக்கினம்.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின் என்னைப் பாராமலே கேட்டார்:

“அப்ப ஏன் ராசா, எங்களுக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை?”

அடுத்த நாட் காலை தேத்தண்ணிக்கு அவர் கேட்டது அந்த மூக்குப்பேணியை. நான் எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.